அணுக்களின் படத்துக்குக் கீழே மூன்று எண்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலோகங்களைக் கணினிக்குள் வளர்த்து, இழுத்து, உடைத்துப் பார்க்கும் ஆய்வுகள் பற்றித் தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். தமிழில் இந்தத் துறையை எழுதுவோர் குறைவு. அதற்காக முதலில் நன்றி. ஆனால் ஒவ்வோர் அணுவையும் பின்தொடர்ந்து ஒரு நீராவிக் குழாயின் ஆயுளைக் கணினியே சொல்லிவிடும் என்ற பொருளில் அதில் வந்த வரி திருத்தப்பட வேண்டும். அணுக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் கணக்கு 30 ஆண்டுகளை எட்டுவது இருக்கட்டும், 30 மில்லிநொடியைக்கூட எட்டாது. அந்த இடைவெளியை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதில்தான் இந்தத் துறையின் பெரும்பகுதி உழைப்பும் இருக்கிறது. கட்டுரையில் விட்டுப்போனதும் அதுதான்.

ஒரு படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒரு செப்புத் துண்டை ஒரு முனையில் இழுத்தால், அந்தச் சேதி நொடிக்குச் சுமார் 4,700 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தில், மறுமுனைக்குப் போகிறது. ஒரு சென்டிமீட்டரைக் கடக்க 2 மைக்ரோநொடி போதும். இது மீட்சியின் கடிகாரம், அதாவது இழுத்தால் நீண்டு விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் குணத்தின் கடிகாரம். மற்றொன்று விரவலின் (diffusion) கடிகாரம். அணு தன் இடத்தை விட்டுப் பக்கத்து இடத்துக்குத் தாவ வேண்டும். அதற்குப் பக்கத்து இடம் காலியாக இருக்க வேண்டும், குறுக்கே நிற்கும் ஆற்றல் மேட்டைத் தாண்டும் அளவுக்கு வெப்ப அசைவும் வாய்க்க வேண்டும். செம்பில் அணுக்கள் 1,000 டிகிரி செல்சியஸில் 10 மைக்ரோமீட்டர் தூரம் விரவ ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். 500 டிகிரியில் அதே தூரத்துக்கு 7 ஆண்டு. வெப்பநிலை 500 டிகிரி குறைந்ததற்கு நேரம் பல லட்சம் மடங்கு நீள்கிறது.

500 டிகிரியில் என்ன நடக்கிறது என்று ஓர் அணுவின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்போம். பாடப்புத்தகங்களில் உள்ள விரவல் குணகத்தை வைத்துக் கணக்கிட்டால் அந்த அணு நொடிக்குச் சுமார் 40 முறை தாவுகிறது, அதாவது 25 மில்லிநொடிக்கு ஒரு முறை. வேகமாகத் தோன்றும். ஆனால் இரண்டு தாவல்களுக்கு நடுவே அது தன் இடத்திலேயே நின்று சுமார் 25,000 கோடி முறை அதிர்கிறது. அணுக்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் மாலிக்யூலர் டைனமிக்ஸ் முறையில் இந்த அதிர்வு ஒவ்வொன்றையும் கணக்கிட்டாக வேண்டும். ஓர் அதிர்வுக்கு 100 ஃபெம்டோநொடி (ஒரு ஃபெம்டோநொடி என்பது நானோநொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆவதால், கணக்கின் ஒரு படி 1 அல்லது 2 ஃபெம்டோநொடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மொத்த ஆற்றல் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போய்ப் படிகம் சிதறிவிடும். 25 மில்லிநொடி என்பது இப்படி 25 லட்சம் கோடி படிகள். நொடிக்கு 1,000 படி போடும் கணினி என்றாலும் சுமார் 800 ஆண்டு ஓட வேண்டும். இதே கணக்கை அறை வெப்பநிலைக்கு நீட்டினால், ஒரு தாவலுக்கு ஆகும் காலம் பிரபஞ்சத்தின் வயதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வருகிறது.

ஓர் அணுவை விட்டுவிட்டு ஒரு லட்சம் அணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் யாராவது ஒருவர் சீக்கிரம் தாவுவாரே என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கேதான் புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுகிறார்கள். 500 டிகிரி செம்பில் பல கோடி அணுக்களுக்கு ஒரு காலியிடம்தான் இருக்கும். ஒரு லட்சம் அணு கொண்ட பெட்டியில் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. பெட்டி எத்தனை நாள் ஓடினாலும் ஒரு தாவலும் நடக்காது. அதனால் மாணவர்கள் ஓர் அணுவைக் கையால் நீக்கிவிட்டு ஓட்டுகிறார்கள். உடனே நானோநொடிக்குள் தாவல்கள் தெரிகின்றன. முறை சரிதான். ஆனால் லட்சத்துக்கு ஒரு காலியிடம் என்பது இயற்கையில் உள்ளதைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு. ஆகவே அந்தப் பெட்டிக்குள் விரவலின் கடிகாரம் ஆயிரம் மடங்கு வேகமாக ஓடுகிறது. கிடைத்த காலத்தை, பெட்டியின் காலியிடச் செறிவை இயற்கையின் காலியிடச் செறிவால் வகுத்து வரும் எண்ணால் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலை விட்டுவிட்ட ஆய்வேடுகளில் விரவல் குணகம் ஆயிரம் மடங்கு பெரிதாக வந்து நிற்கும். கிராஃப் மட்டும் ஒழுங்கான நேர்கோடாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இழுத்துப் பார்க்கும் சோதனையிலும் இதே சிக்கல்தான். ஆய்வுக்கூடத்தில் ஒரு கம்பியை நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற வீதத்தில் இழுப்பார்கள். கணினியில் 1 நானோநொடிக்குள் 10 விழுக்காடு நீட்ட வேண்டும் என்றால் வீதம் நொடிக்கு 10 கோடி ஆகிறது. வேறுபாடு 10,000 கோடி மடங்கு. அந்த அவசரத்தில் படிகத்தின் குறைபாடுகள் நகர்ந்து தகைவை (உள்ளே தேங்கும் விசையை) தணிக்க நேரம் கிடைக்காது. அதனால் படத்தில் உலோகம் உண்மையைவிடப் பலமடங்கு வலிமையாகத் தெரியும்.

மீட்சியைச் சரியாகப் பிடிப்பதும் எளிதல்ல. செம்பின் ஒற்றைப் படிகத்தைக் கனசதுரத்தின் விளிம்பு வழியே இழுத்தால் யங் குணகம், அதாவது நீட்டுவதை எதிர்க்கும் விறைப்பு, சுமார் 67 கிகாபாஸ்கல். மூலைவிட்டத்தின் வழியே இழுத்தால் 191. ஒரே உலோகம், ஒரே படிகம், திசை மட்டும் வேறு. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அணுவிடை விசை இந்த வேறுபாட்டைக் காட்டுகிறதா என்று முதல் நாளே சோதிக்க வேண்டும். கனசதுரப் படிகத்தின் மூன்று மீட்சிக் குணகங்களும் (C11, C12, C44) 168, 121, 75 கிகாபாஸ்கல் என்ற அளவை ஒட்டி வராவிட்டால் மேற்கொண்டு ஓட்டுவதில் பயனில்லை. ஏனென்றால் தகைவு விரவலை வழிநடத்துகிறது. 100 மெகாபாஸ்கல் இழுவிசையை ஒரு செப்பு அணுவின் கன அளவால் பெருக்கினால் 0.0074 எலெக்ட்ரான் வோல்ட் வரும். 500 டிகிரியின் வெப்ப ஆற்றலோடு ஒப்பிட்டால் அது ஒன்பதில் ஒரு பங்கு. சிறியதுதான். ஆனால் அது ஒரே திசையில் ஆண்டுக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இழுபடும் பரப்பில் காலியிடங்கள் பிறந்து, அமுங்கும் பரப்பில் போய் மறைகின்றன. அணுக்கள் எதிர்த்திசையில் போய்ச் சேர்கின்றன. குழாய் மெல்ல நீள்கிறது. நபாரோவும் ஹெர்ரிங்கும் 1948-இலும் 1950-இலும் விளக்கிய தவழ்வு இதுதான். கல்பாக்கம் ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலனில் 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் உள்ள உருக்கு பயன்படுவதற்கும், அந்த உருக்கைத் தவழ்வுச் சோதனையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் தொங்கவிட்டுப் பார்ப்பதற்கும் காரணம், இந்த மெதுவான கடிகாரத்தை ஏமாற்ற வழியில்லை என்பதே.

இரண்டு கடிகாரங்களையும் ஒரே கணக்கில் வைக்க வழிகள் உண்டு. தாவல்களை மட்டும் எண்ணி, நடுவில் உள்ள அதிர்வுகளை விட்டுவிடும் கைனெடிக் மான்டி கார்லோ ஒரு வழி. அதன் பலவீனம் இது: ஆற்றல் மேட்டின் உயரத்தில் 0.1 எலெக்ட்ரான் வோல்ட் பிழை நேர்ந்தால் 500 டிகிரியில் காலம் நாலரை மடங்கு தவறும், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 50 மடங்கு தவறும். நிலையான கட்டங்களின் மேல் அணுக்களை நகர்த்துவதால் மீட்சியைத் தனியாகக் கணக்கிட்டு ஒட்டவைக்கவும் வேண்டும்.

கட்டுரை தொடாமல் போன வேறொரு வழி, 2002-இல் கென் எல்டர், மார்ட்டின் கிராண்ட் உள்ளிட்டோர் முன்வைத்த ஃபேஸ் ஃபீல்டு கிறிஸ்டல் மாதிரி. சாதாரண கணினியிலேயே ஓடும், நம் கல்லூரிகளில் புராஜெக்டாக எடுக்க ஏற்றது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

இதில் அணுக்களை எண்ணுவதில்லை. அதிர்வுகளையெல்லாம் சராசரியாக்கிய பின் எஞ்சும் அடர்த்தியை ஒரு புலமாக எழுதுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் ஏறி இறங்குவதையே அந்தப் புலம் விரும்பும்படி ஆற்றல் சூத்திரம் அமைந்திருக்கிறது. விளைவு, இரண்டு பரிமாணத்தில் புலம் தானாகவே ஊடுபுள்ளிக் கோலம் போல முக்கோண ஒழுங்கில் மேடுகளாக நின்றுவிடும். ஒவ்வொரு மேடும் ஓர் அணு இருக்கும் இடம். அந்த இடைவெளியை நீட்டினாலும் குறுக்கினாலும் ஆற்றல் கூடும். ஆகவே மீட்சி தானாக வந்துவிடுகிறது. புலம் விரவல் சமன்பாட்டின்படி நகர்வதால் காலப்படி அதிர்வின் அளவில் இல்லை, விரவலின் அளவில் இருக்கிறது. ஒரே சமன்பாட்டில் இரண்டும் கிடைப்பதே இதன் அழகு.

தொடங்குவதற்கு வெப்பநிலையைக் குறிக்கும் எண்ணை மைனஸ் 0.25 என்றும் சராசரி அடர்த்தியை மைனஸ் 0.285 என்றும் வைக்கலாம். இந்த இடத்தில் சிறு இரைச்சலோடு விட்டால் திரவம் தானாகவே உறையும். சராசரி மைனஸ் 0.289-ஐத் தாண்டிக் கீழே போனால் தானாக உறையாது, ஒரு படிக விதையை நட வேண்டும். சராசரியைப் பூச்சியத்துக்கு அருகில் வைத்தால் புள்ளிகளுக்குப் பதில் வரிகள் வரும். குறியை மாற்றி பிளஸ் 0.285 என்று போட்டால் மேடு இருக்க வேண்டிய இடத்தில் குழிகள் வரும். படம் விசித்திரமாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியவை இவை இரண்டும்தான்.

அடுத்து பெட்டியின் அளவு. அதிகம் பேர் விழும் குழி இது. 256 க்கு 256 கட்டங்கள், கட்ட இடைவெளி பை (π) என்ற எண்ணில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்தால் பெட்டியின் நீளம் 201.06. முக்கோண ஒழுங்கின் புள்ளி இடைவெளி 7.255. வகுத்தால் 27.71 புள்ளிகள். வாசலின் இரு ஓரத்துக்கும் நடுவே 27.71 புள்ளி வைத்துக் கோலம் போட முடியாது. 28 புள்ளியை நெருக்கித்தான் வைக்க வேண்டும். அதாவது யாரும் அழுத்தாமலேயே படிகம் ஒரு விழுக்காடு அமுங்கிக் கிடக்கிறது. அதன் மேல் செய்யும் ஒவ்வொரு மீட்சிக் கணக்கும் கோணலாகும். தீர்வு எளிது: கிடைத்திசையில் கட்ட இடைவெளியை 0.79354 என்றும், செங்குத்துத் திசையில் பழையபடி 0.7854 என்றும் வையுங்கள். 28 புள்ளிகள் சரியாக உட்காரும். செங்குத்தில் இரண்டு வரிசைக்கு 12.566 என்பதால் அங்கே ஏற்கெனவே 16 முறை சரியாகப் பொருந்துகிறது.

காலப்படியும் கவனமாக எடுக்க வேண்டியது. சமன்பாட்டில் ஆறாம் வரிசை வகைக்கெழு இருப்பதால், கட்ட இடைவெளியைப் பாதியாக்கினால் படி 64 மடங்கு சுருங்க வேண்டும். பையில் நான்கில் ஒரு பங்கு இடைவெளியில், அண்டை நான்கு புள்ளிகளை மட்டும் எடுக்கும் லாப்லாசியனுக்கு (இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டலுக்கு) படியின் எல்லை சுமார் 0.001. மூலைப் புள்ளிகளையும் சேர்த்து ஒன்பது புள்ளி எடுத்தால் எல்லை சுமார் 0.01 ஆகிறது, நாலு வரி மாற்றத்தில் பத்து மடங்கு வேகம். ஃபூரியே முறையில் நேரியல் பகுதியைப் புதிய காலத்திலும் மும்மடிப் பகுதியைப் பழைய காலத்திலும் எடுத்தால் 0.5 வரை போகலாம். ஆனால் அங்கும் ஓர் எச்சரிக்கை. வெப்பநிலை எண் மைனஸாக இருப்பதால், படி 4-க்குச் சற்றுக் கீழே வரும்போது வகு எண் பூச்சியமாகி எல்லாம் வெடிக்கும். அதற்கு முன்பே, படி பெரிதாகப் பெரிதாகப் படிகத்தின் வளர்ச்சி வேகம் உண்மையிலிருந்து விலகும். அது வெடிக்காது, அமைதியாகத் தவறும் என்பதால் இன்னும் ஆபத்து. படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டி, வளர்ச்சி வேகம் மாறவில்லை என்று உறுதி செய்யாத முடிவை நம்பாதீர்கள். ஒவ்வொரு படியிலும் மொத்த ஆற்றல் இறங்குகிறதா, சராசரி அடர்த்தி கடைசி இலக்கம் வரை மாறாமல் நிற்கிறதா என்ற இரண்டையும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

மீட்சிக் குணகத்தை அளக்க, பெட்டியை 0.1 விழுக்காடு வீதம் இருபுறமும் 0.5 விழுக்காடு வரை நீட்டியும் குறுக்கியும் ஆற்றலை எழுதிப் பரவளையம் பொருத்துங்கள். பரவளையத்தின் அடிப்புள்ளி பூச்சியத் திரிபில் இல்லை என்றால் படிகத்தில் ஏற்கெனவே தகைவு இருக்கிறது. மேலே சொன்ன 28 புள்ளிக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மேலே கொடுத்த எண்களுக்குச் சறுக்குக் குணகம் சுமார் 0.0415 வர வேண்டும், நேர் குணகம் அதைப் போல மூன்று மடங்கு. C11, C12, C44 ஆகியவற்றின் இந்த 3க்கு 1க்கு 1 விகிதம் மாதிரியின் அமைப்பிலேயே இருக்கிறது, நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. முப்பரிமாணத்தில் இதே எளிய மாதிரி கொடுக்கும் படிகத்தில் விகிதம் 2க்கு 1க்கு 1. இரும்புக்கு ஓரளவு பொருந்தும், செம்புக்குப் பொருந்தாது. செம்பு, நிக்கல் போன்றவற்றுக்கு 2010-இல் வந்த இரண்டு அலைநீள மாதிரியையோ அமைப்புசார் மாதிரியையோ எடுக்க வேண்டும். எளிய மாதிரியில் வந்த படத்துக்குக் கீழே செம்பு என்று எழுதுவது சரியல்ல.

இன்னும் இரண்டு குறைகள். முதல் குறை, இந்த எளிய மாதிரியில் மீட்சியும் விரவலின் வேகத்திலேயே நடக்கிறது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நடுப்பகுதிக்குச் சேதி போக, நீளத்தின் இருமடிக்கு ஏற்ப நேரம் ஆகும். ஓரங்கள் நீண்டு நடு அப்படியே கிடக்கும் படங்கள் இதனால்தான் வருகின்றன. ஸ்டெஃபனோவிச், ஹாட்டாயா, ப்ரொவாட்டாஸ் ஆகியோர் 2006-இல் சமன்பாட்டில் இரண்டாம் காலவகைக்கெழுவைச் சேர்த்து இதைச் சரிசெய்தார்கள். இழுத்துப் பார்க்கும் எந்தக் கணக்குக்கும் அந்த வடிவத்தையே எடுக்க வேண்டும். அடுத்த குறை காலியிடம். ஒரு மேட்டை அழித்துவிட்டு விட்டால், அக்கம்பக்கத்து அடர்த்தி மெல்ல வழிந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடும். காலியிடம் தனி ஆளாக நடமாடாது. ஆகவே காலியிடம் ஒன்று எவ்வளவு வேகமாக நகரும் என்ற கேள்வியை இந்த மாதிரியிடம் கேட்கக் கூடாது.

இது சிறப்பாகச் செய்யும் வேலைகளும் உண்டு. சிலிக்கான் மேல் ஜெர்மானியம் படியவைத்தால் இரண்டின் இடைவெளியும் 4.2 விழுக்காடு ஒத்துப்போகாது. படலம் முதலில் அமுங்கி உட்காரும். தடிக்கத் தடிக்க மேற்பரப்பு அலைபோல நெளியும், பிறகு அடியில், அணு வரிசை பாதியில் அறுந்து நிற்கும் இடப்பெயர்வுக் குறைகள் பிறந்து தகைவு தணியும். மீட்சி தூண்ட, மேற்பரப்பு விரவல் நடத்திவைக்கும் இந்த நாடகத்தை முழுவதும் ஒரே ஓட்டத்தில் காணலாம். படிகத் துகள்களின் எல்லைக்கும் இது ஏற்றது. 5 டிகிரி சாய்ந்த இரு துகள்களின் எல்லையில், ஏறத்தாழ பதினொன்றரை புள்ளி இடைவெளிக்கு ஓர் இடப்பெயர்வுக் குறை நிற்க வேண்டும். நின்றால், எல்லையின் ஆற்றல் 1950-இல் ரீட், ஷாக்லி இருவரும் தந்த சூத்திரத்தோடு ஒத்துப்போகும். புதிதாக எழுதிய நிரலுக்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லை என்பது எங்கள் கருத்து.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அணுக்கள் வண்ணவண்ணமாக நிற்கும் படத்தை அச்சிடும்போது மூன்று எண்களையும் அதன் கீழே போடுங்கள்: அந்தக் கணக்கு கடந்த மொத்தக் காலம், அதன் வெப்பநிலை, இழுத்த வேகம். கட்டுரையாளரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆய்வுத்தாளின் முறைகள் பகுதியிலும் இருக்கும். 'செம்பு, 500 டிகிரி செல்சியஸ், மொத்தம் 1 நானோநொடி, திரிபு வீதம் நொடிக்கு 10 கோடி' என்று ஒரு வரி இருந்தால் போதும். குழாயின் ஆயுளை அந்தப் படம் சொல்கிறதா இல்லையா என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவார்.

இப்படிக்கு,
கணினிவழிப் பொருளறிவியல் கற்பிக்கும் வாசகர்கள்,
சென்னை